கடிகாரங்களுக்குக் கீழே: மெல்பர்ன் வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பர்னுக்கு வரும் விருந்தாளிகளுக்காகக் கையேடும் வரைபடமும் தயாரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். என் தாய்மாமா தெற்கு ரயில்வேயில் முப்பத்தேழு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நெல்லை எக்ஸ்பிரஸில் எத்தனையோ பேரை வித்தவுட்டில் பிடித்தவர். அவர் போன மார்ச் மாதம், எழுபத்தோராவது வயதில், மெல்பர்ன் டிராமில் வித்தவுட்டில் மாட்டிக்கொண்டார். அதனால்தான் இந்த மடல்.

நான் இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர்க்காரி. வீடு டாண்டினாங்கில். உங்களில் யாருக்கும் தமிழ் வாசிக்க வராது என்றால் கவலை வேண்டாம், என் மகள் மொழிபெயர்த்துத் தருவாள். இங்கேயே பிறந்து, சனிக்கிழமை வகுப்பில் தமிழ் கற்று, பன்னிரண்டாம் வகுப்பில் தமிழையும் ஒரு பாடமாக எடுத்துப் பரீட்சை எழுதியவள். இந்த மாநிலத்தில் அந்த வசதி இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். வந்த அன்றைக்கே கையில் கிடைத்த ஒரு இலவச மடிப்பு வரைபடத்தை மாமா பத்திரமாக வைத்திருந்தார். நகரத்தின் நடுப்பகுதியைப் பெரிதாகப் போட்டு, டிராம் இலவசம் என்று பளிச்சென்று எழுதியிருந்தது. அந்த இலவசம் எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு மெல்லிய கோடு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனால் தெரியும். போர் நினைவாலயமும் அதே தாளில்தான், படத்தோடு இருந்தது. மூன்றாம் நாள் தனியாகக் கிளம்பிப் போய், ஸ்வான்ஸ்டன் தெருவில் டிராம் ஏறினார். ஃபிளிண்டர்ஸ் தெரு தாண்டியது, ஆற்றுப் பாலமும் தாண்டியது. கொஞ்ச தூரத்தில் பரிசோதகர்கள் ஏறினார்கள்.

எல்லை முடிகிறது என்று வண்டியில் அறிவிப்பு வரத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வந்து மூன்றே நாளான ஒருவர் காதில், பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே, ஆஸ்திரேலிய உச்சரிப்பு என்னவாக விழும்? மைக்கி என்ற பயணக் கட்டண அட்டையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றால் டிராமுக்குள் விற்க ஆள் கிடையாது. கண்டக்டர்களை 1990களிலேயே எடுத்துவிட்டார்கள். பெயர், முகவரி எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். சில வாரம் கழித்து அபராதக் கடிதம் என் வீட்டுக்கு வந்தது. "அந்தப் பையன் ரொம்ப மரியாதையாத்தான் பேசினான். நானா இருந்தா இதைவிடக் கடுமையா பேசியிருப்பேன்" என்றார் மாமா. தொகையை ரூபாயில் மாற்றிப் பார்க்காதீங்க மாமா என்று கெஞ்சினேன். மாற்றிப் பார்த்தார். அப்புறம், அத்தைக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அத்தை இணையப் பக்கமே வருவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சரி, அபராதத்தைக் கட்டியாயிற்று. அதைத் திருப்பிக் கேட்டு எழுதவில்லை. மாமா ஊருக்குப் போன பிறகு அந்த வரைபடத்தை நான் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கேமரா படம். எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அங்கே நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை.

ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தையே எடுங்கள். மஞ்சள் கட்டடம், பச்சைக் குவிமாடம், கட்டி முடித்தது 1910 என்று போட்டிருக்கிறது. அதே இடத்திலிருந்துதான் ஆஸ்திரேலியாவின் முதல் நீராவி ரயில் 1854 செப்டம்பர் 12 அன்று துறைமுகத்துக்குப் புறப்பட்டது. இதை மாமாவிடம் சொன்னதும், "அப்போ நம்ம ராயபுரத்துக்கு ரெண்டு வருஷம் முந்தி" என்று கணக்குச் சொன்னார். ராயபுரம் 1856. ரயில்வேக்காரர்களுக்கு இதெல்லாம் பிள்ளைகளின் பிறந்தநாள் மாதிரி.

ஆனால் அவரைக் கட்டிப்போட்டது கட்டடம் இல்லை. வாசல் வளைவின் மேலே வரிசையாக இருக்கும் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடத்துக்கு. எதுவும் இப்போது மணி என்ன என்று காட்டாது, அடுத்த வண்டி எப்போது என்றுதான் காட்டும். முள் நம் வீட்டுக் கடிகாரம் போல ஊர்ந்து போகாது. ஒரு வண்டி கிளம்பியதும் அடுத்த வண்டியின் நேரத்துக்குத் தாவி நின்றுகொள்ளும். இப்போது அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அந்தக் காலத்தில் ஒரு ஆள் நீளக் கம்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்க முள்ளைத் தள்ளிக்கொண்டிருப்பார். மாமா படிக்கட்டில் நின்று, தன் கைக்கடிகாரத்தையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் அசையவில்லை. கடைசியில் திரும்பி, "மூணு நிமிஷம் லேட்" என்றார். எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை.

1983இல் இந்தக் கடிகாரங்களைக் கழற்றிவிட்டு மின்னணுப் பலகை வைக்கப் பார்த்தார்கள். ஊர் கொதித்தது. முடிவை மாற்றிக்கொண்டு பழையபடி கடிகாரங்களையே வைத்துவிட்டார்கள். ஏன் அவ்வளவு கோபம் என்று உங்கள் வரைபடத்தைப் பார்க்கிறவருக்குப் புரியாது. 'கடிகாரங்களுக்குக் கீழே' என்றால் இந்த ஊரில் அது ஒரு முகவரி. நானும் என் கணவரும் வந்த புதிதில் அவருக்கு ஒரு மூலையில் வேலை, எனக்கு ஒரு மூலையில். கைபேசியில் காசு போடக் கணக்குப் பார்த்த காலம். ஆறு மணிக்குக் கடிகாரத்துக்குக் கீழே என்று காலையிலேயே பேசிக்கொண்டு பிரிவோம். ஒருநாள் அவருக்கு வேலை முடிய ஏழே முக்கால் ஆகிவிட்டது. நான் அங்கேயே நின்றேன். எங்கள் தடத்துக் கடிகாரத்தின் முள் ஒவ்வொரு முறை தாவும்போதும் ஒரு வண்டி எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போனது. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் பூங்கொத்தோடு நின்றார். யாருக்காக என்று தெரியாது. அவருக்கு ஆள் எனக்கு முந்தி வந்துவிட்டது.

இப்போது எங்கள் டாண்டினாங் தடத்து ரயில் மெட்ரோ சுரங்கத்தில் போகிறது. 2025 நவம்பர் 30 அன்று திறந்தார்கள். டவுன் ஹால் நிலையத்தில் இறங்கி, நிலத்தடியிலேயே நடந்து ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்துக்கு வந்துவிடலாம். நல்ல ஆழம், பளபளப்பு, பிளாட்பாரத்தில் கண்ணாடிக் கதவுகள். குறையே சொல்ல முடியாது. ஆனால் யாரையாவது சந்திப்பது என்றால் இன்னும் மேலே ஏறிவந்து அந்தப் படிக்கட்டில்தான் நிற்கிறோம்.

எதிரே இருக்கும் ஃபெடரேஷன் சதுக்கத்துக்கும் இதே கதைதான். 2002இல் திறந்தபோது முக்கோண முக்கோணமாக இதென்ன கோலம் என்று திட்டாத ஆள் இல்லை. அப்புறம் அதன் ஒரு பகுதியை இடித்து ஆப்பிள் கடை கட்டப்போகிறார்கள் என்றதும் திட்டியவர்களே எதிர்த்து நின்றார்கள். 2019இல் அந்தத் திட்டம் போனது, சதுக்கம் மாநில மரபுப் பட்டியலில் ஏறியது. ஒன்றைப் பிடுங்க வந்தால்தான் மெல்பர்ன்காரர்களுக்கு அதன்மேல் பாசம் பொங்கும்.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தாமிரபரணிக்காரரான மாமா இங்கே ஓடும் யாரா ஆற்றைப் பார்த்து, "என்ன இது, டீ மாதிரி ஓடுது" என்றார். களிமண் கலந்த தண்ணீர், அழுக்கு இல்லை என்று விளக்கினேன், நம்பவில்லை. இந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர் பிர்ரருங். 1835இல் வெட்ஜ் என்ற நில அளவையாளர், இங்கே தண்ணீர் பாறையில் விழுந்து ஓடுவதைக் குறித்து அவர்கள் சொன்ன சொல்லை ஆற்றின் பெயர் என்று எண்ணி எழுதிக்கொண்டார், அதுதான் யாரா ஆனது. அந்தப் பாறையையும் 1880களில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். உங்கள் வரைபடத்தில் இந்த இரண்டாவது பெயரை மட்டும்தான் பார்த்தேன். முதல் பெயரையும் போட அரை அங்குலம் இடம் போதுமே.

மாநில நூலகத்துக்கு வருகிறேன். எண்கோண வாசிப்பறையின் படம்தான் உங்கள் அட்டையிலேயே இருக்கிறது. 1913இல் திறந்த குவிமாடம், விட்டம் 34.75 மீட்டர், உயரமும் கிட்டத்தட்ட அதேதான். நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல மேசைகள் விரியும், மேசைதோறும் பச்சை விளக்கு. மேல்மாடியிலிருந்து படமெடுத்தால் அழகாகத்தான் இருக்கும். கீழே அந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் அலங்காரத்துக்கு வைத்தவர்கள் இல்லை. என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு அங்கே உட்கார்ந்துதான் படித்தாள். ஒருநாள் யாரோ ஒருவர் அவளைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லியிருக்கிறார், படத்தில் மறைக்கிறதாம். வேதியியல் சமன்பாட்டின் நடுவில்.

இந்த நூலகத்தைப் பற்றி ஒரு கதை உண்டு, அதை நீங்கள் போட்டிருக்கலாம். இதை 1856இல் திறந்ததற்கு முக்கியக் காரணம் ரெட்மண்ட் பாரி என்ற நீதிபதி. அவருடைய சிலை வாசலில் நிற்கிறது. வழிப்பறிக்காரன் நெட் கெல்லிக்கு 1880இல் தூக்குத் தண்டனை கொடுத்ததும் அவரே. கெல்லி போலீசோடு மோதியபோது போட்டிருந்த இரும்புக் கவசம் இன்று அந்த நீதிபதியின் நூலகத்துக்குள் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக அதைத்தான் பார்க்கப் போகிறார்கள், வாசலில் நிற்கும் பாரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் சிலைக்கு முன்னால் புல்தரையில் மதிய உணவை முடித்துவிட்டு ஆபீஸ்காரர்கள் படுத்திருப்பார்கள். பக்கத்தில் முழங்கால் உயரக் காய்களை வைத்துச் சதுரங்கம். மாமா அங்கே ஒருவரிடம் இரண்டு ஆட்டம் தோற்றார். தோற்ற கையோடு உள்ளே போகலாம் என்று எழுந்து, "டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, டிராமும் இப்படித்தான் இலவசம் என்றார்கள் என்று.

ராயல் கண்காட்சிக் கட்டடத்தை இரண்டு வரியில் முடித்திருக்கிறீர்கள். 1880இல் கண்காட்சிக்காகக் கட்டியது, 1901 மே 9 அன்று நாட்டின் முதல் நாடாளுமன்றம் கூடியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எல்லாம் சரி. என் மகளுக்கு அது பரீட்சை மண்டபம். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் நூற்றுக்கணக்கான மேசைகளைப் போட்டுத் தேர்வு நடத்துகிறார்கள். விடை தெரியாதபோது மேலே பார்த்தால் குவிமாடத்து ஓவியம் நன்றாகத் தெரியும் என்கிறாள். எனக்கு அது தடுப்பூசி போட்ட இடம். 2021இல் அங்கேதான் பெரிய தடுப்பூசி மையம் நடந்தது. ஊசி போட்டபின் கால் மணி நேரம் உட்காரவேண்டுமே, அந்தக் கால் மணி நேரத்தில்தான் அந்தக் கூரையை முதல்முறை முழுதாகப் பார்த்தேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு ஊரே அண்ணாந்து உட்கார்ந்திருந்தது.

குயின் விக்டோரியா சந்தை. மாமாவை ஒரு திங்கட்கிழமை அழைத்துப் போனேன். தப்பு என்மேலும் உண்டு, இத்தனை வருஷம் இருந்துவிட்டு மறந்துபோனேன். திங்களும் புதனும் பகலில் கடை கிடையாது. காலிக் கொட்டகைகளுக்கு நடுவே புறாக்களோடு நின்றோம். வரைபடத்தில் சந்தைக்குப் பக்கத்தில் தக்காளிப் படம் போடும் இடத்தில் 'திங்கள், புதன் விடுமுறை' என்று போடலாமே. போனதற்கு ஒரு கதையாவது சொல்வோம் என்று, அந்த இடத்தின் ஒரு பகுதி ஊரின் பழைய இடுகாடு என்றேன். 1878இல் சந்தை திறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடுகாட்டின் மேல் பரவியது. சில நூறு பேரின் எலும்பை மட்டும்தான் எடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இன்னும் கீழேதான் இருக்கிறார்கள். மாமா காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு வியாழக்கிழமை போய், வண்டியில் சுடச்சுட விற்கும் ஜாம் டோநட் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே இருக்கும் ஜாம் நாக்கைப் பொசுக்கும், ஊதி ஊதித்தான் தின்ன வேண்டும். சர்க்கரை அவருக்கு ஆகாது. அதையும் அத்தைக்குச் சொல்லவில்லை.

போர் நினைவாலயத்துக்கும் மறுநாள் கூட்டிப்போனேன், மைக்கி அட்டையோடு. நவம்பர் 11 அன்று காலை பதினோரு மணிக்குக் கூரைத் துளை வழியே வெயில் விழுந்து, தரைக் கல்லில் இருக்கும் 'அன்பு' என்ற ஆங்கிலச் சொல்லைத் தொடும்படி 1934இல் கட்டிவைத்தார்கள். பிற்பாடு கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் வழக்கம் வந்ததும் சூரியன் கணக்குத் தப்பிவிட்டது. இப்போது கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பிவிடுகிறார்கள். "சூரியனுக்கே டைம்டேபிள் மாத்தியிருக்காங்க" என்று மாமாவுக்கு அபராதத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் தாளின் வலது கீழ் மூலை ரிச்மண்டோடு முடிந்துவிடுகிறது. ஐம்பது லட்சம் பேர் இருக்கும் ஊர் இது. அந்தக் கோட்டுக்கு உள்ளே தூங்குபவர்கள் எத்தனை பேர்? காலையில் உங்கள் தாளுக்குள் வந்து, காபி போட்டு, கண்ணாடி துடைத்து, கணக்கு எழுதி, சாயங்காலம் தாளுக்கு வெளியே போகிறவர்கள்தான் நாங்கள் எல்லாரும்.

டாண்டினாங் அங்கிருந்து தென்கிழக்கே சுமார் முப்பது கிலோமீட்டர். மைக்கி அட்டை இருந்தால் யாரும் வரலாம், ஒரே ரயில். கால்ஃபீல்டு தாண்டியதும் தண்டவாளம் அங்கங்கே தூண்மேல் ஏறும். முன்பு கேட் போட்டுக் காரெல்லாம் காத்துக்கிடந்த ஒன்பது இடங்களை 2018க்குள் அப்படி நீக்கினார்கள். எட்டிப் பார்த்தால் வீடுகளின் பின்கட்டு, காயும் துணி, எலுமிச்சை மரம், தூண்களுக்கு நடுவே கூடைப்பந்து ஆடும் பையன்கள். எங்கள் ஊர்ச் சந்தை செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. பாவக்காய், வெண்டைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். ஆப்கானியர் ரொட்டிக்கு ஒரு வரிசை நிற்கும். மதியம் கடை கட்டும் நேரத்தில் பெட்டி பெட்டியாக ஒரு டாலர், இரண்டு டாலர் என்று கத்துவார்கள். மாமா முதல் தடவையாக அங்கேதான் பேரம் பேசினார், தமிழில். மாம்பழம் விற்றவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கடைசியில் ஒரு டாலர் குறைந்தது. ஃபாஸ்டர் தெருவில் இந்தியக் கடைகள், புடவை, நகை, சூடான சமோசா. அங்கிருந்து தெற்கே காரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில். ஒரே கூரைக்கடியில் சிவனும் பெருமாளும். யூகலிப்டஸ் மரத்துக் காகங்கள் குழந்தை அழுவது மாதிரி கத்த, பிரகாரத்தில் அபிஷேக மணி கேட்கும்.

இதையெல்லாம் சுற்றுலா இடமாக மாற்றிவிடுங்கள் என்று கேட்கவில்லை. கேமரா படம் போட்டால் அங்கேயும் யாராவது என்னை நகர்ந்து நிற்கச் சொல்வார்கள். ரயில் தடம் தாளின் ஓரத்தில் முட்டி நிற்கிறதே, அங்கே ஒரு அம்புக்குறி போட்டு, இது எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை நிமிஷம், அங்கே என்றைக்குச் சந்தை என்று மூன்று சொல் எழுதினால் போதும். ஃபூட்ஸ்கிரே, சன்ஷைன் போன்ற மற்றப் புறநகர்களுக்கும் அப்படியே. இலவச டிராம் எல்லையைத் தடித்த சிவப்பில் போடுங்கள். குடிதண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் உட்காரும் பெஞ்சும் எங்கே என்று காட்டுங்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் ஊர் சுற்றும்போது தேடுவது அவற்றைத்தான், நாலு பருவமும் ஒரே நாளில் வரும் ஊர் என்பதால் ஒதுங்க ஒரு கூரையையும்.

மாமா ஊருக்குப் போகும்போது அந்த வரைபடத்தை என்னிடம் விட்டுப்போனார். அதன் படியைக் கீழே இணைத்திருக்கிறேன். பால்பாயிண்ட் பேனாவால் அவர் தமிழில் எழுதியவற்றை என் மகள் ஆங்கிலத்தில் தருவாள். டிராம் எல்லைக் கோட்டின்மேல் மூன்று முறை அழுத்திக் கோடு போட்டு, 'இங்கே இறங்கவும்' என்று எழுதியிருக்கிறார். நூலகத்துக்குப் பக்கத்தில் 'டிக்கெட் இல்லை, நிஜமாகவே'. சந்தையில் 'திங்கள் போகாதே'. ஃபிளிண்டர்ஸ் தெருவில் கடிகாரங்களின் கீழே ஒரு சின்ன வட்டம், அதற்குள் என் பெயரும் என் கணவர் பெயரும். டாண்டினாங் தாளுக்குள் அடங்கவில்லை. அதனால் எங்கள் மளிகைக்கடை கொடுத்த தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை வலது கீழ் மூலையில் பசை போட்டு ஒட்டி, தண்டவாளத்தை அதன்மேல் நீட்டி வரைந்திருக்கிறார். படியெடுத்தபோது பின்பக்கத்து ராகுகாலமும் லேசாகத் தெரிகிறது, அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
டாண்டினாங்கிலிருந்து ஒருத்தி